கராஜில் முதலில் வாங்க வேண்டியவை: புதிதாக வந்த தம்பிக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: வந்து சில மாதம் ஆகிறது, பழைய கார் ஒன்று வாங்கியாயிற்று, வாடகை வீட்டோடு ஒரு கராஜும் கிடைத்திருக்கிறது. பட்டறையில் கேட்கிற கூலி கட்டுப்படியாகவில்லை. ஆயில், பிரேக் பேட் மாதிரியான வேலைகளை நீங்களே செய்ய, 200 துண்டுகள் அடங்கிய டூல் பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமா? காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கிற கோட் ரீடரும் வேண்டுமா?

பெட்டி இப்போதைக்கு வேண்டாம். அந்த 200-இல் பெரும்பகுதி குட்டிக் குட்டி ஸ்க்ரூடிரைவர் பிட்டுகளும், உங்கள் காரில் எங்கேயும் பொருந்தாத இன்ச் அளவு சாக்கெட்டுகளும் (நட்டின் தலையில் மாட்டித் திருகுகிற குழல்கள்) தான். காரைத் தாங்கிப் பிடிக்கிற சாமான் அதில் இருக்காது. துருப்பிடித்த போல்ட்டை அசைக்கிற நீளக் கம்பி இருக்காது. திரும்ப அளவாக இறுக்குகிற டார்க் ரெஞ்சும் பெரும்பாலும் இருக்காது. தாங்குவது, கழற்றுவது, அளவாக இறுக்குவது: உங்கள் முதல் பணம் இந்த மூன்றுக்கும் போகட்டும். மற்றதெல்லாம் வேலை வர வர ஒவ்வொன்றாக வாங்கலாம்.

அதற்கும் முன்னால் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வளாகத்துக்குள் வண்டி வேலை பார்க்கக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும்.

காரோடு வருகிற ஜாக்கி சாலையோரத்தில் சக்கரம் மாற்ற மட்டும். கராஜுக்குச் சக்கரம் வைத்த 2 அல்லது 3 டன் டிராலி ஜாக் ஒன்றும், தூக்கிய காரைத் தாங்கி நிற்க ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டும் வேண்டும். டிராலி ஜாக் வாங்கும்போது டன் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். அதன் மிகத் தாழ்ந்த உயரம் உங்கள் காரின் அடியில் நுழையுமா, முழுக்க உயர்த்தினால் ஸ்டாண்டுக்கு இடம் கிடைக்குமா என்று இரண்டையும் பாருங்கள். ஸ்டாண்டில் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துப் பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் அடியில் போகக்கூடாது. உள்ளே எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். அது கசிந்தால் சத்தமே இல்லாமல் கார் இறங்கும். ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுப்பதும் அதே ஆபத்துதான், விரிசல் கூடக் காட்டாமல் நொறுங்கிவிடும்.

தூக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. சமதளக் கான்கிரீட் தரை. கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில், போட்டு ஹேண்ட்பிரேக். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு முறுக்கினால் கார் ஆடும். முன்பக்கம் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின்பக்கம் தூக்கும்போதுதான் பலர் தவறு விடுகிறார்கள்: பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. அது காற்றில் தொங்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டும் போடாததும் ஒன்றுதான், முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

ஜாக்கி வைக்கிற இடம் கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டு மடிப்பில், இரண்டு வெட்டுக்கு நடுவே பெரும்பாலும் இருக்கும். வெறும் இரும்புத் தலையை அங்கே வைத்தால் மடிப்பு வளைந்து, பெயின்ட் உரிந்து, அங்கிருந்தே துரு தொடங்கும். நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் பேட் ஒன்று போதும். எஞ்சின் ஆயில் தொட்டியின் அடியில் மட்டும் ஜாக்கி வைத்துவிடாதீர்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் காரைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள், விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் பக்கவாட்டுத் தகட்டுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

அடுத்தது கழற்றுவது. அரை இன்ச் டிரைவ் (சாக்கெட்டை மாட்டுகிற சதுர முனையின் அளவு), 60 செ.மீ. நீளம் உள்ள பிரேக்கர் பார் ஒன்று. 30 செ.மீ. கம்பியில் உடம்பு முழுக்கத் தொங்க வேண்டிய இடத்தில் இதில் பாதி பலம் போதும். ஒரு பக்கம் மட்டுமே பிடித்துச் சுற்றுகிற கைப்பிடியான ராட்செட்டை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சின்னப் பற்கள் உடைந்துபோகும். தளர்ந்த பிறகு வேகமாகக் கழற்றத்தான் ராட்செட்.

சாக்கெட்டில் 6 முனை, 12 முனை என்று இரண்டு வகை. 12 முனை சீக்கிரம் பொருந்தும், ஆனால் நட்டின் மூலையை மட்டுமே பிடிக்கும். துருப்பிடித்த நட்டில் மூலை மழுங்கி வழுக்கிவிட்டால் அதன் பிறகு எதுவும் பிடிக்காது. 6 முனையே வாங்குங்கள். ஜப்பான், கொரியக் கார்களுக்கு 8, 10, 12, 14, 17, 19, 21 மி.மீ. இருந்தால் தொண்ணூறு சதம் வேலை நடக்கும். ஜெர்மன் கார் என்றால் 13, 16, 18 அடிக்கடி வரும், கூடவே நட்சத்திரத் தலை டார்க்ஸ் பிட்டுகளும். 10 மி.மீ. இரண்டாக வாங்குங்கள், எஞ்சின் அறைக்குள் விழுந்து காணாமல் போவதற்கென்றே பிறந்த அளவு அது. தகட்டு உறை போட்ட வீல் நட்டுகள் நாளாக உப்பிக்கொள்ளும், அப்போது 19 நுழையாது. சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், 19.5 மி.மீ. சாக்கெட் தனியாக இதற்கென்றே கிடைக்கிறது.

பனி நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் எதிரி துருதான். குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு, அடியில் இருக்கும் ஒவ்வொரு மரையிலும் ஏறிவிடும். துருவை ஊடுருவும் எண்ணெய் என்று தனியாக விற்பதை வாங்கி, வேலைக்கு முதல் நாள் இரவே அடித்து வையுங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கிற சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது, முரட்டுத் துருவுக்கு அது இரண்டாம் பட்சம்தான். போல்ட் அசைந்ததும் ஒரே இழுப்பில் கழற்றாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி, துருத்தூள் வெளியேற வழிவிடுங்கள். கம்பி ரப்பர் மாதிரி இழுபடுகிற உணர்வு வந்தால் நிறுத்திவிடுங்கள், மரை சுற்றவில்லை, போல்ட் முறுகுகிறது. அடுத்த இழுப்பில் தலை கையோடு வந்துவிடும்.

நெருப்பு காட்டித் தளர்த்துவது இப்போதைக்கு உங்கள் வேலை அல்ல. முக்கியமாக, பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு காட்டவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

ஜப்பான் காரில் பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் கூட்டல்குறி ஸ்க்ரூவைப் பார்த்தால் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் போதும் என்று தோன்றும். பள்ளத்தின் வடிவம் வேறு. அழுத்த அழுத்தத் துள்ளி வெளியே வந்து தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) என்று குறித்த பிட்டும், பின்னால் சுத்தியலால் தட்டினால் தானே திருகுகிற இம்பாக்ட் டிரைவரும் வாங்கினால் இரண்டு தட்டில் கழன்றுவிடும்.

மூன்றாவது டார்க் ரெஞ்ச். இதில்தான் கஞ்சத்தனம் கூடாது என்பேன். அரை இன்ச் டிரைவில் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை உள்ளது ஒன்று முதலில், பிறகு சின்ன வேலைகளுக்கு ஐந்தாறு முதல் 60 வரை உள்ளது இன்னொன்று. பெரியதை அதன் அடிமட்ட அளவில் வைத்துச் சின்ன போல்ட்டை இறுக்கக்கூடாது, அந்த எல்லையில் அதன் கணக்கு தப்பும்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் உட்காரும் ஹப் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் சமமாக உட்காராது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள்: கையேட்டில் உள்ள அளவு உலர்ந்த மரைக்கானது, வழவழப்பு கூடினால் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். நட்டுகளைக் கையால் முழுக்கச் சுற்றுங்கள். காரைச் சக்கரம் தரையைத் தொடுகிற அளவுக்கு இறக்கி, எதிரெதிர் நட்டாக நட்சத்திர வரிசையில், முதலில் பாதி அளவு, பிறகு முழு அளவு. சின்னக் கார்களில் அநேகமாக 100 முதல் 120 வரை இருக்கும், உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பாருங்கள். கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டாமல் ஒரே சீராக இழுங்கள். 'க்ளிக்' என்று கைக்குள் ஒரு சின்ன உதறல் தெரியும். அங்கே நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னும் இரண்டு க்ளிக் கொடுப்பது உறுதி இல்லை, அளவை மீறுவது. 50 முதல் 100 கி.மீ. ஓட்டியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

ரெஞ்சில் இரண்டு அளவுகோல் பொறித்திருக்கும், நியூட்டன் மீட்டரும் அடி-பவுண்டும். 1 அடி-பவுண்டு என்பது 1.36 நியூட்டன் மீட்டர். 108 நியூட்டன் மீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் அடி-பவுண்டு பக்கம் 108 வைத்தால் ஏறத்தாழ 146 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும், நட்டு ஏறுகிற ஸ்டட் இழுபடும். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்து மூடுங்கள். தளர்த்துவதற்கு இதைத் தொடவே கூடாது.

ஆயில் மாற்றுவதற்கு வடி தட்டு, புனல், பில்டர் ரெஞ்ச், கையுறை போதும். சிக்கல் சாமானில் இல்லை, இரண்டு இடங்களில் இருக்கிறது. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புதிய பில்டரைப் போட்டால் வளையத்தின் மேல் வளையம். எஞ்சினைப் போட்டு அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, ஊற்றிய நான்கு லிட்டரும் தரைக்கு வந்துவிடும். விரலால் தடவிப் பார்த்த பிறகே புதியதை மாட்டுங்கள். அதன் வளையத்தில் புது ஆயில் பூசி, வளையம் தொட்டதும் கையால் முக்கால் சுற்று. பில்டர் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். இரண்டாவது, வடி போல்ட். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், அளவு பல கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள்தான். தொட்டி அலுமினியம் என்றால் அரைச் சுற்று அதிகமானாலும் மரை போய்விடும். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்துச் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றினால் அபராதம் வரும்.

பிரேக்குக்கு, பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு சி-கிளாம்ப், அந்த பிஸ்டன் இருக்கிற காலிபரைத் தொங்கவிட ஒரு கொக்கி. காலிபரை அதன் பிரேக் ஆயில் குழாயான ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. பின் பிரேக்கில் பல கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும், கிளாம்ப் போட்டு அழுத்தினால் கெட்டுவிடும். பட்டன் ஹேண்ட்பிரேக் கார் என்றால் முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்கு (பிரேக் வேலைக்காக மோட்டார் பின்வாங்கிய நிலை) கொண்டுபோக வேண்டும். வேலை முடிந்து வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதி தரை வரை போகும்.

வோல்ட், ஆம்பியர் அளக்கிற மல்டிமீட்டர் சாதாரணமானதே போதும். சில மணி நேரம் ஓய்ந்து நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.6-க்குள் இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் பொதுவாக நலம். ஆம்பியர் அளந்துவிட்டுச் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்து பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட், மீட்டரின் பியூஸ் போகும்.

கோட் ரீடர் கேட்டிருந்தீர்கள், கட்டாயம் வாங்குங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் அதைச் செருகுகிற சாக்கெட் காரில் இருந்தே தீரும், ஸ்டீரிங்குக்குக் கீழே பாருங்கள். ஆனால் கோட் சொல்வது அறிகுறியை, கெட்டுப்போன பாகத்தை அல்ல. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று மட்டுமே பொருள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருகிற) தனி காயில் இருந்தால், முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0302 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் அடுத்தது ஸ்பார்க் பிளக். புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் கோடை அழிக்காதீர்கள். காரின் சுயசோதனைகளும் சேர்ந்து அழியும், அதுவே தேர்ச்சி பெறாமல் போகக் காரணமாகும்.

கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள், ஒரு நிமிடம் என்றாலும். புகையில் வருகிற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்குகிற கருவியை மட்டும் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். அது நழுவினால் ஸ்பிரிங் குண்டு மாதிரி வெளியே பாயும். அந்த ஒரு வேலையைப் பட்டறைக்கே கொடுங்கள்.

கடைக்குப் போகும் முன் கார் டிக்கியையும் கையுறைப் பெட்டியையும் திறந்து, வீல் லாக் சாவி இருக்கிறதா என்று தேடுங்கள். சக்கரத்துக்கு ஒரு நட்டு மட்டும் வேறு வடிவில் இருந்தால் அதற்கான சாவி அது. பழைய கார் விற்றவர் பல நேரம் அதைக் கொடுக்க மறந்திருப்பார். கைக்கு அகப்படாவிட்டால் இன்றைக்கே விற்றவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அது இல்லாமல் மேலே சொன்ன எந்தச் சாமானாலும் அந்தச் சக்கரம் ஒழுங்காகக் கழலாது.