வரைபடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கவுன்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புவியியல் மாணவி: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வட எல்லையிலுள்ள லேக் ஆஃப் தி உட்ஸ் கவுன்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மக்கள் ஏன் இவ்வளவு குறைவு? கனடா எல்லைதான் காரணமா?

எல்லையை விட நிலமே முக்கியக் காரணம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 3,763 பேர். நிலப்பரப்போடு ஒப்பிட்டால், சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒருவர். கவுன்டியின் பெரும்பகுதி மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீரை வடித்துவிட்டால் வேளாண்மை செழிக்கும் என்று நம்பி, கடன் பத்திரங்கள் விற்ற பணத்தில் அங்கே நீண்ட வடிகால்களை வெட்டினார்கள். நிலமோ விளையவில்லை; வடிகால் வரியைக் கட்ட முடியாத குடியேறிகள் பண்ணைகளைக் கைவிட, கடன் சுமை உள்ளூர் நிர்வாகங்களின் தலையில் விழுந்தது. கைவிடப்பட்ட நிலங்களை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. எஞ்சியிருந்த குடும்பங்கள் பலவற்றை 1930களில் கூட்டரசு வேறு இடங்களில் குடியமர்த்தியது. இந்தக் கவுன்டியைப் பற்றி எழுதுவோர் எல்லைக் கோடு வடக்கே துருத்திக்கொண்டிருக்கும் விநோதத்தில் மயங்கி, இந்த வடிகால் வரலாற்றைத் தவறவிடுவது எனக்கு வருத்தமே.

வரைபட ஆர்வலர்: அந்த விநோதம் எப்படி ஏற்பட்டது?

1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, லேக் ஆஃப் தி உட்ஸ் ஏரியின் வடமேற்கு முனையிலிருந்து நேர் மேற்காகச் சென்றால் மிசிசிப்பி ஆற்றை அடையலாம் என்று பிழையான வரைபடத்தை நம்பிக் கூறியது. ஆறோ அதற்குத் தெற்கிலேயே தோன்றுகிறது. எனவே 1818இல், அந்த முனையிலிருந்து 49ஆம் அட்சக்கோடு வரை ஒரு நேர்கோட்டை இறக்கி இணைத்துக்கொள்ள முடிவாயிற்று. அக்கோடு, ஏரிக்கு அப்பால் கனடாவோடு ஒட்டிய நார்த்வெஸ்ட் ஆங்கிள் என்னும் நிலத்துண்டை அமெரிக்காவின் பக்கம் வெட்டிச் சேர்த்துவிட்டது.

ஆசிரியர் ஒருவர்: அங்குள்ள பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

தொடக்க வகுப்புகளுக்கு அந்த நிலத்துண்டிலுள்ள ஆங்கிள் இன்லெட் என்னும் ஊரில் ஓரறைப் பள்ளி உண்டு. மேல் வகுப்புகளுக்குப் பேருந்தில் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தைக் கடந்து, மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைந்து வாரோட் ஊருக்குச் செல்கிறார்கள்.

வரலாற்று வாசகர்: ஆங்கிள் மக்கள் கனடாவோடு சேர விரும்பியது உண்மையா?

அது மீன்பிடி விதிகளால் எழுந்த கோபம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கட்டுப்பாடுகள் தங்கள் விடுதித் தொழிலைக் கெடுப்பதாகக் கருதிய குடியிருப்பாளர்களுக்காக, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் காலின் பீட்டர்சன் 1998இல் பிரிவினை வாக்கெடுப்புக்கு வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தை முன்மொழிந்தார். கவனத்தை ஈர்ப்பதே உண்மையான நோக்கம் என்பது என் கணிப்பு. ஆங்கிள் நிலத்தின் பெரும்பகுதி ரெட் லேக் ஓஜிப்வே என்னும் பூர்வகுடி மக்களுடையது என்பதை மறந்து இதைப் பேசுவது முறையாகாது.

பயணி: 2020இல் கனடா எல்லை மூடப்பட்டபோது ஆங்கிளின் விடுதிகள் என்ன செய்தன?

கோடையில் படகே வழி. ஏரி உறைந்த பின், பனிக்கட்டியின் மீது, அமெரிக்க எல்லைக்குள்ளேயே செல்லும் ஒரு சாலையை அமைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிப் பயணிகளை வரவழைத்தன. குளிர்காலத்தில் பனியைத் துளையிட்டு வால்ஐ மீன் பிடிப்பதற்காக வருபவர்களே அவர்களுடைய முக்கிய வாடிக்கையாளர்கள்.