ஃபைல் சிஸ்டம் கேள்வி-பதில்: விரிசலும் வெள்ளையடிப்பும்

ஆனி, ஆடி வந்தால் நம் பக்கம் காற்றுக்கும் குறைவில்லை, கரண்ட் போய் வருவதற்கும் குறைவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதன் விளைவுதான். மீதி, லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையக் கோடு) பேட்ச் (திருத்தம்) அனுப்பக் கிளம்பியிருக்கும் கல்லூரித் தம்பிகள் எழுதியவை. அதற்கு முன் வழக்கமான பாட்டைப் பாடிவிடுகிறேன்: எதைத் தொடுவதானாலும் முதலில் டிஸ்க்கை நகல் எடுங்கள். கீழேயும் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணாச்சி, கரண்ட் போய் வந்ததும் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸ் ஃபைல் ஜீரோ பைட் ஆகிவிட்டது. எக்ஸ்ட்4-இல்தான் ஜர்னல் இருக்கிறதே, அப்புறம் எப்படி?
(அரிசி ஆலைக் கணக்கர், அம்பாசமுத்திரம்)

எக்ஸ்ட்4 என்பது லினக்ஸின் ஒரு ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. ஜர்னல் என்பது அதில் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பேடு. அது காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை. உங்கள் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பது அதன் கவலை இல்லை. உங்கள் சாஃப்ட்வேர் எழுதியவர் பழைய ஃபைலைத் திறந்து, காலி செய்து, அதிலேயே புதிதாக எழுதுகிறார். காலி செய்த தகவல் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை நடக்கும் ஜர்னல் கமிட்டில் (குறிப்பை உறுதிசெய்யும் வேலை) டிஸ்க்கில் ஏறிவிடும். புதிதாக எழுதியது அப்போதும் ராமிலேயே இருக்கலாம், ஏனென்றால் எக்ஸ்ட்4 இடம் ஒதுக்குவதை முடிந்தவரை தள்ளிப்போடும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் கையில் மிஞ்சுவது வெறும் பெயர்தான். 2009-இல் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில், இப்படி எழுதும் புரோகிராம்களை அடையாளம் கண்டு சீக்கிரமே டிஸ்க்குக்குத் தள்ளிவிடும் ஏற்பாட்டை கெர்னலில் சேர்த்தார்கள். அது ஒட்டுப்போட்ட வேலை, முழுதாக நம்பாதீர்கள்.

சரியான முறை: தற்காலிகப் பெயரில் எழுது, எஃப்சிங்க் (ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) செய், அசல் பெயருக்கு ரீநேம் செய், அந்த டைரக்டரியையும் எஃப்சிங்க் செய். எஃப்சிங்க் என்ன மதிப்பைத் திருப்பித் தருகிறது என்று பார்ப்பதும் இதில் சேர்த்தி. தோற்றால் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. முதல் தடவை எரர் சொல்லிவிட்டு, டிஸ்க்கில் எழுதாத மெமரிப் பக்கத்தைச் ‘சுத்தம்’ (எழுதியாயிற்று) என்று கெர்னல் குறித்துவிட்டால் இரண்டாவது தடவை ‘வெற்றி’ என்றுதான் பதில் வரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் காரர்களுக்கே இது 2018-இல்தான் உறைத்தது. இப்போது அவர்கள் எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸையே நிறுத்தி, லாகிலிருந்து மீட்டெடுக்கிறார்கள். உங்கள் சாஃப்ட்வேர்காரரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றுங்கள்.

டிஸ்க் மவுண்ட் ஆகல. அர்ஜென்ட். என்ன கமாண்ட்?
(ஊர் போடாதவர்)

எந்த டிஸ்க், எந்த ஃபைல் சிஸ்டம், எந்த கெர்னல், என்ன எரர் வந்தது? ஒன்றும் இல்லை, ‘அர்ஜென்ட்’ மட்டும் இருக்கிறது. கெர்னல் லாகின் கடைசி இருபது வரியை அனுப்புங்கள், பேசலாம். அதுவரை எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) பக்கம் போகாதீர்கள். நகல் எடுங்கள்.

எஃப்எஸ்சிகே-யை எல்லாவற்றுக்கும் ‘ஒய்’ போட்டு ஓடவிட்டேன். இப்போது மவுண்ட் ஆகிறது. ஆனால் ஃபைல் எல்லாம் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் டைரக்டரியில் வெறும் நம்பராகக் கிடக்கிறது. பெயர்களை எப்படி மீட்பது?
(ஜெராக்ஸ் கடைக்காரர், சங்கரன்கோவில்)

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பெயர் இருப்பது டைரக்டரியின் பிளாக்கில், ஃபைலின் ஐநோடில் (விவரக் குறிப்பு) இல்லை. டைரக்டரி பிளாக் போனால் பெயரும் போச்சு, மிஞ்சுவது ஐநோட் நம்பர்தான். ஒவ்வொன்றும் பிடிஎஃப்-ஆ, படமா, எக்செல்லா என்று வகை பிரித்து, திறந்து பார்த்துப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு: முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகல் கருவியில் முழு நகல். நகலின் மேல் எஃப்எஸ்சிகே, அதுவும் முதல் தடவை எதையும் மாற்றாத ‘என்’ ஆப்ஷனில். அது பட்டியலிடும் கோளாறுகள் பத்திருபது என்றால் சரி. ஆயிரக்கணக்கில் ஓடினால் நிறுத்துங்கள். சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் தலைக்குறிப்பு) தவறான இடத்திலிருந்து படிக்கப்படுகிறதோ என்று பாருங்கள். 4 கேபி பிளாக் என்றால் முதல் மாற்று சூப்பர்பிளாக் 32768-ஆம் எண் பிளாக்கில் இருக்கும். மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டினேன் என்று எனக்கு எழுதவே எழுதாதீர்கள்.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது டிஎஃப் (மீதி இடத்தைச் சொல்லும் கமாண்ட்). டியு-வில் (ஃபைல்களின் அளவைச் சொல்லும் கமாண்ட்) கூட்டினால் 40 ஜிபி குறைகிறது. எங்கே போனது?
(பிரவுசிங் சென்டர், வள்ளியூர்)

அழித்த லாக் ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப்-இல் பாருங்கள், அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இடம் திரும்ப வரும்.

பாதி டிஸ்க் காலியாக இருக்கிறது, ஆனால் ‘இடமில்லை’ என்கிறது.
(கேமரா பொருத்துபவர், திசையன்விளை)

ஐநோட் தீர்ந்துவிட்டது. டிஎஃப்-ஐ ‘ஐ’ ஆப்ஷனோடு ஓட்டினால் தெரியும். கேமரா விநாடிக்கு ஒரு குட்டிப் படம் சேமித்தால் இதுதான் நடக்கும். எக்ஸ்ட்4-இல் ஃபார்மேட் செய்யும்போதே ஐநோட் எண்ணிக்கை முடிவாகிவிடும். பழைய படங்களை அழியுங்கள், அல்லது நகல் எடுத்துவிட்டு மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள்.

எக்ஸ்ட்4-இல் ஒரு பக் கண்டுபிடித்து சரிசெய்தேன். அந்த ஃபைலே அலங்கோலமாக இருந்ததால் ஸ்பேஸ், டேப், மாறிகளின் பெயர், நீண்ட வரிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்குபடுத்தி ஒரே பேட்ச்சாக அனுப்பினேன். 900 வரி. மெயின்டெய்னர் (அந்தப் பகுதியின் பொறுப்பாளர்) படிக்கவே இல்லை, ‘பிரித்து அனுப்பு’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். புதியவர்களை மதிக்க மாட்டார்களா?
(பொறியியல் மாணவர், மேலப்பாளையம்)

தம்பி, மதித்ததால்தான் ஒரு வரியாவது எழுதியிருக்கிறார். நான் அதையும் எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் பேட்ச்சில் பக் சரியான இடம் எத்தனை வரி? அனுப்பியதைப் பார்த்தேன். மூன்று வரி. மீதி 897 வரி வெள்ளையடிப்பு. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் அன்றைக்கே சுவரில் விரிசலையும் பூசிவிட்டுப் போன கொத்தனாரைக் கூப்பிட்டு ‘எங்கே பூசினீர், காட்டும்’ என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அடுத்த மழையில் சுவர் ஊறும்போது பூச்சு தப்பா, சுவர் தப்பா என்று யார் சொல்வது? மூன்று வரியை 900 வரிக்குள் புதைத்துவிட்டு, படிக்கவில்லை என்று கோபப்படுகிறீர்கள்.

நடைமுறைக் கணக்கைப் பாருங்கள். ஒரு கெர்னல் ரிலீஸுக்கு ஏறக்குறைய 14,000 கமிட் (ஏற்றுப் பதிவான மாற்றம்) வருகிறது. எதிலோ டேட்டா கெடுகிறது என்று தெரிந்தால் கிட் பைசெக்ட் என்ற கமாண்டைப் போட்டுப் பாதி பாதியாகக் குறைத்து, பதினாலு சோதனையில் குற்றவாளிக் கமிட்டைப் பிடித்துவிடலாம். பிடித்த கமிட் மூன்று வரி என்றால் அன்று மாலையே வேலை முடியும். 900 வரி என்றால் அங்கிருந்துதான் தேடலே தொடங்கும். அந்தக் கமிட்டைத் திருப்பி எடுக்கவும் முடியாது, அதன் மேல் இதற்குள் இருபது கமிட் ஏறியிருக்கும். வரியைக் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் கமாண்டைப் போட்டுப் பார்த்தாலும் பத்து வருஷம் முன் அந்த வரியை ஏன் எழுதினார்கள் என்பது தெரியாது. ‘ஸ்பேஸ் திருத்தம்’ என்று உங்கள் பெயர்தான் வரும்.

இன்னொன்று, ‘சுத்தம் செய்வதால் என்ன கெட்டுவிடப் போகிறது’ என்ற நினைப்பு. 2023 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாதம் நம் ஊரே தண்ணீருக்குள் கிடந்தது, அதனால் இங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எக்ஸ்ட்4-இல் டைரக்ட் ஐஓ (ராமில் சேர்த்துவைக்காமல் நேரே டிஸ்க்கில் எழுதுவது) சம்பந்தமான ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 ஸ்டேபிள் கெர்னல் வரிசைக்குக் கொண்டுபோனார்கள். திருத்தம் சரியானதுதான். ஆனால் அது சரியாக இருக்க, ஐஓமேப் என்ற கெர்னல் பகுதியில் 6.5 பதிப்பில் நுழைந்த குட்டி மாற்றம் ஒன்று கூடவே இருந்தாக வேண்டும். ஃபைலில் எழுதும் இடத்தின் குறியை நகர்த்தும் வரியைச் சற்றுக் கீழே தள்ளிய மாற்றம் அது. பின்னால் செய்யப்போகும் சுத்திகரிப்புக்கான முன்வேலை என்று போட்டதுதான். அது 6.1-க்குப் போகவில்லை. 6.1.64 வெளிவந்தது, டேட்டா கெட்டது. டெபியன் லினக்ஸ் காரர்கள் தங்கள் 12.3 பதிப்பின் இமேஜ்களை நிறுத்திவைத்து, 6.1.66-ஐப் போட்டு 12.4 என்று வெளியிட்டார்கள். ஒரு வரியைக் கீழே தள்ளியது வெறும் சுத்தம் இல்லை, நடத்தையையே மாற்றியது. அது தனிக் கமிட்டாக இருந்ததால்தான் என்ன நடந்தது என்று நாள் கணக்கில் கண்டுபிடிக்க முடிந்தது. உங்கள் 900 வரிக்குள் இருந்திருந்தால்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். மூன்று வரி முதல் பேட்ச். எந்தக் கமிட்டில் பக் நுழைந்தது என்று கண்டுபிடித்து, அதன் ஹாஷில் (கமிட்டின் அடையாள எண்) முதல் 12 எழுத்தோடு ‘ஃபிக்சஸ்’ வரி போடுங்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். பக் திருத்தம் எப்போதும் வரிசையில் முன்னால் வர வேண்டும், பழைய கெர்னல்களுக்கு அதை மட்டும் தனியாக எடுத்துப் போகலாம். அந்த இடத்தைப் புரிந்துகொள்ளச் சுத்தம் தேவைப்பட்டது என்றால் அது தனிப் பேட்ச், ஒரு வகை மாற்றத்துக்கு ஒன்று. வெறும் ஸ்பேஸ், டேப் என்றால் அனுப்பவே வேண்டாம். எழுதும் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் நீங்கள் எழுதும் புது வரிகளுக்கானது, வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை அதில் போட்டு எச்சரிக்கைகளை எண்ணி ரெஸ்யூமேயில் கமிட் சேர்ப்பதற்கு இல்லை. பழகத்தான் வேண்டும் என்றால் கெர்னலிலேயே ஸ்டேஜிங் என்று இன்னும் பக்குவப்படாத கோடுக்கான ஒரு டைரக்டரி இருக்கிறது, அங்கே போய் வெள்ளையடியுங்கள். ஊர்க்காரர்களின் நிலப்பத்திர ஸ்கேன் இருக்கும் டிஸ்க்கை ஓட்டுகிற கோடில் வேண்டாம்.

‘கோடூ’ போடுவது கெட்ட பழக்கம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஃபைல் சிஸ்டம் கோடு முழுக்க கோடூ-வாக இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு பேட்ச் அனுப்பலாமா?
(மாணவி, தென்காசி)

அனுப்பாதீர்கள். கோடூ என்பது புரோகிராமில் வேறொரு வரிக்குத் தாவும் கட்டளை. ஃபைல் சிஸ்டம் பக்குகளில் நிறைய எரர் வழியில்தான் (ஏதாவது தோற்றால் போகும் பாதையில்) குடியிருக்கிறது. ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜர்னல் ஹேண்டில் (ஜர்னலில் எழுத வாங்கும் அனுமதி) திறந்தாயிற்று. பஃபர் (டிஸ்க் பிளாக்கின் ராம் நகல்) ஒன்றைப் படித்து ரெஃபரன்ஸும் (‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்ற குறி) பிடித்தாயிற்று. அடுத்து பிளாக் ஒதுக்கப் போனால் ‘இடமில்லை’. அங்கேயே ரிட்டர்ன் போட்டால் பஃபர் ரெஃபரன்ஸ் கசியும், அது சின்ன வில்லங்கம். பெரிய வில்லங்கம், ஹேண்டில் மூடப்படாமல் போவது. மூடாதவரை அந்த டிரான்ஸாக்‌ஷன் கமிட் ஆகாது, ஜர்னலைக் கவனிக்கும் ஜேபிடி2 காத்துக்கொண்டே இருக்கும், பின்னால் எழுத வந்த புரோகிராமெல்லாம் ‘டி’ நிலையில் (எழுப்ப முடியாத உறக்கம்) வரிசைகட்டி நிற்கும். மெஷினை ரீபூட் செய்வது தவிர வழியில்லை. கீழே லேபிள் வைத்து, பிடித்ததற்கு எதிர்வரிசையில் விடுவித்துக்கொண்டு போகும் கோடூ இந்தக் குழப்பத்துக்கு மருந்து. கோடூ-வை எடுப்பதற்குப் பதில், எந்த ரிட்டர்ன் அந்த லேபிளுக்குப் போகாமல் நழுவுகிறது என்று தேடுங்கள். உண்மையான பக் கிடைக்கும்.

எஃப்எஸ்டெஸ்ட்ஸ் ‘குயிக்’ குரூப் முழுவதும் பாஸ். பேட்ச் அனுப்பலாமா?
(ஐடி ஊழியர், பாளையங்கோட்டை)

எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல் சிஸ்டம் சோதனைத் தொகுப்பில் ‘குயிக்’ என்பது காலையில் பல் விளக்குவது மாதிரி. ‘ஆட்டோ’ குரூப்பை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். 4 கேபி பிளாக்கில் மட்டும் ஓட்டாமல் 1 கேபி பிளாக்கிலும் ஓட்டுங்கள், ஒரு மெமரிப் பக்கத்துக்கு நாலு பிளாக் வரும்போதுதான் பல கணக்குகள் உதைக்கும். மெமரித் தவறைப் பிடிக்கும் கேசான், பூட்டு வரிசைத் தவறைப் பிடிக்கும் லாக்டெப் இரண்டும் கெர்னலில் போட்டிருக்க வேண்டும். கரண்ட் போவது சம்பந்தப்பட்ட திருத்தம் என்றால் டிஸ்க்கில் எழுதுவதை எல்லாம் பதிவுசெய்யும் டிஎம்-லாக்-ரைட்ஸ் போட்டு ஒவ்வொரு ரைட்டுக்கும் பிறகு என்ன நிலை என்று திருப்பி ஓட்டிப் பாருங்கள். உங்கள் சொந்த லேப்டாப் டிஸ்க்கில் சோதிக்காதீர்கள், விர்ச்சுவல் மெஷின் எதற்கு இருக்கிறது?

2023 வெள்ளத்தில் எங்கள் கடை கம்ப்யூட்டர் முழுகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இப்போது மாட்டிப் பார்க்கலாமா?
(துணிக்கடை, திருநெல்வேலி சந்திப்பு)

கூடாது. ஆற்றுச் சேறு உள்ளே காய்ந்திருந்தால், சுற்றத் தொடங்கியதும் ஹெட் (படிக்கும் முனை) பிளாட்டரைக் (டேட்டா இருக்கும் தட்டு) கீறிவிடும். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இது சாஃப்ட்வேர் விஷயமே இல்லை. டேட்டா அவ்வளவு முக்கியம் என்றால் கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம், மாட்டிப் பார்க்காமல் கொடுங்கள். நனைந்த டிஸ்க்கைக் காயவைக்காமல் ஈரத்தோடேயே கொண்டுபோயிருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வெள்ளத்துக்கு நினைவில் வையுங்கள், கூடவே ஒரு நகலை மாடியில் வையுங்கள்.

கல்யாண மெமரி கார்டை கேமராவிலேயே தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டேன்.
(ஸ்டுடியோ, களக்காடு)

அதில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டை முழு இமேஜாக எடுத்து, இமேஜின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தம்.

பழைய சர்வர் டிஸ்க் ரெய்சர்எஃப்எஸ். புது கெர்னலில் மவுண்ட் ஆகவில்லை. பக் என்று புகார் கொடுக்கலாமா?
(கணினி பழுது பார்ப்பவர், நாங்குநேரி)

பக் இல்லை. ரெய்சர்எஃப்எஸ் என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தை 2022-லேயே கைவிடப்போகிறோம் என்று அறிவித்து, கெர்னல் 6.13-இல் அதன் கோடு முழுவதையும் தூக்கிவிட்டார்கள். பழைய கெர்னல் உள்ள லைவ் யுஎஸ்பி-யில் பூட் செய்து, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, எல்லாவற்றையும் எக்ஸ்ட்4-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மவுண்ட் செய்யும்போது ‘2038 வரைதான் நேரம் தாங்கும்’ என்று லாகில் வருகிறது. பயப்பட வேண்டுமா?
(பள்ளி ஆசிரியர், சேரன்மகாதேவி)

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் டிஸ்க்கில் ஐநோட் 128 பைட், அதில் தேதி 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. 256 பைட் என்றால் 2446 வரை போகும். எப்படியும் அந்த வயசு டிஸ்க்கை 2038 வரை ஓட்டப் போவதில்லை. புது டிஸ்க் வாங்கும்போது இன்றைய கருவியில் ஃபார்மேட் செய்தால் தானாகவே 256 ஆகிவிடும். டியூன்2எஃப்எஸ் என்ற கருவியை வைத்து ஐநோடை இருக்கும் இடத்திலேயே பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால், ஃப்ளெக்ஸ்-பிஜி என்ற வசதி போட்ட டிஸ்க்கில் அது நடக்காது. நகல் எடுத்து, புதிதாக ஃபார்மேட் செய்து, திருப்பி ஏற்றுங்கள்.