செடியில் ஊரும் ஆரஞ்சுப் புள்ளி வைத்த கறுப்புப் பூச்சி என்ன?

அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி) மொய்த்த இலையில், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள், முள்முள்ளான முதுகும் முன்பக்கம் ஆறு கால்களுமாக ஊர்ந்தால், அது பெரும்பாலும் பொறிவண்டின் புழு. அதாவது, முட்டைக்கும் கூட்டுப்புழுவுக்கும் இடைப்பட்ட பருவம். சிவப்பு உருண்டை வண்டின் ஜாடை துளிகூட இருக்காது. பாவம், பலர் பார்த்ததும் நசுக்கிவிடுகிறார்கள்.

தலைப்பிரட்டைக்கும் தவளைக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான் இதுவும். தின்று வளர்வது புழுவின் வேலை, அதற்கு இறக்கை எதற்கு? பறப்பதும் முட்டையிடுவதும் வண்டின் பாடு.

சந்தேகம் இருந்தால் போன் கேமராவைப் பெரிதாக்கி, வாயைக் கவனியுங்கள். அசுவினியைத் தாடையில் கவ்விச் சாற்றை உறிஞ்சினால் நண்பன். மருந்து அடிக்க வேண்டாம். மஞ்சள் உடம்பில் கிளைவிட்ட முட்களோடு கத்தரி இலையின் பச்சையைச் சுரண்டி, சல்லடையாக்கினால் அது இலை தின்னும் வகை. அதே குடும்பம்தான், குணம் வேறு. கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

வண்டான பின் முதுகுப் புள்ளிகளை எண்ணி வயதைச் சொல்லலாம் என்பது தவறு. புள்ளிகள் இனத்தைப் பொறுத்தவை, வயது ஏற ஏறக் கூடுவதில்லை.