கேள்வி – பதில்: ஊர்ச் சான்றிதழை எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஸ்காபரோவில் சிறிய இரும்புப் பட்டறை நடத்துகிறேன். வேலையாட்கள் 9 பேர். கேற், படிக்கட்டுக் கைப்பிடி செய்கிறோம். கோயம்புத்தூரில் இருந்து வந்த ஒருவர் வெல்டர் வேலை கேட்கிறார். ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) சான்றிதழும், திருச்சியில் பாய்லர் வேலை செய்த 8 வருட அனுபவமும் இருப்பதாகச் சொல்கிறார். இதை எப்படி மதிப்பிடுவது?

பதில்: ஒன்ராறியோவில் வெல்டர் வேலைக்கு (தொழில் குறியீடு 456ஏ) உரிமம் கட்டாயமில்லை. அவருக்கு வேலை செய்யும் அனுமதி இருந்தால் நாளைக்கே சேர்க்கலாம். எலெக்ட்ரீஷியன் (309ஏ), பிளம்பர் (306ஏ), கார் மெக்கானிக் (310எஸ்), சிகையலங்காரம் (332ஏ) ஆகியவை வேறு கணக்கு. ஊரில் 20 வருடம் செய்திருந்தாலும், தொழில் உரிமம் வழங்கும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவின் உரிமமோ பயிலுநர் பதிவோ இல்லாமல் அந்த வேலைகளில் விடக்கூடாது. உங்கள் பட்டறை கனடிய வெல்டிங் பீரோவின் டபிள்யூ47.1 என்ற, இரும்பு வெல்டிங் நிறுவனங்களுக்கான சான்று பெற்றிருந்தால் மட்டும், அந்தச் சான்றுக்குட்பட்ட வேலையைத் தொடுமுன் அவர் பீரோவின் தேர்வில் தேற வேண்டும்.

ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பு 1 வருடம். அதற்கான தாள் நேஷனல் ட்ரேட் சர்டிபிகேட். அதோடு அப்ரண்டிஸ்ஷிப் சர்டிபிகேட்டும் இருந்தால் அதற்குத்தான் கூடுதல் மதிப்பு கொடுங்கள், அது தொழிற்சாலைக்குள் பழகியதற்கான சான்று. இலங்கையில் இருந்து வருபவராக இருந்தால் என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) நிலையைப் பாருங்கள். 4ஆம் நிலை என்றால் மேற்பார்வை இல்லாமலே வேலையை முடிக்கக்கூடியவர் என்று பொருள்.

பாய்லர் வேலை என்று அவர் சொன்னதைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள். இந்திய பாய்லர் விதிகளின்படி அழுத்தம் தாங்கும் பாகங்களில் ஒட்டுபவர் (வெல்ட் செய்பவர்) தனியாகத் தேர்வெழுதிச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றை அவர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எந்த முறையில், துண்டை எந்தக் கிடையில் (படுக்கையாகவா, நிமிர்த்தியா) வைத்து ஒட்டத் தேறினார் என்பது அதில் இருக்கும். கதிர்ப்படத்தில் (எக்ஸ்ரே) தேறிய ஒட்டு போட்டவருக்குக் கைப்பிடி வேலை பெரிதல்ல.

அதன்பிறகு கையைப் பாருங்கள். 3/8 அங்குலக் கனத்தில் 4க்கு 6 அங்குல மைல்ட் ஸ்டீல் துண்டுகள் இரண்டு. ஒட்டும் விளிம்பு ஒவ்வொன்றையும் 22.5 பாகை சாய்த்து, பின்னால் தகடு வைத்து, 1/4 அங்குல இடைவெளி விட்டு, நிமிர்த்திப் பிடித்துக் கீழிருந்து மேலாக ஒட்டச் சொல்லுங்கள். ஆறியதும் பின்தகட்டை அரைத்து எடுத்து, ஒட்டுக்குக் குறுக்காக 1 1/2 அங்குல அகலத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள். ஒன்றை முகப்பு (ஒட்டின் மேற்பக்கம்) வெளியே வரவும் மற்றதை அடிப்பக்கம் வெளியே வரவும் பிரஸ்ஸில் யூ வடிவுக்கு வளையுங்கள். 1/8 அங்குலத்துக்கு மேல் பிளந்தால் தேறவில்லை.

நல்ல வெல்டரும் இங்கே இரண்டு இடங்களில் தடுமாறுவார். உங்கள் வரைபடம் அங்குலத்தில் இருக்கும், அவர் மில்லிமீட்டரில் பழகியவர். உங்களிடம் மிக் மெஷின் (கம்பி தானாக வரும் வெல்டிங்), அவருக்குக் குச்சியும் டிக்கும் (கையால் கம்பி கொடுக்கும் வெல்டிங்)தான் கைப்பழக்கம். கழிவுத் துண்டில் அரை மணித்தியாலம் பழக விட்டபிறகே சோதியுங்கள். 7018 என்ற வெல்டிங் குச்சிக்கு இந்தியாவிலும் அதே பெயர்தான். அது ஈரம் இழுக்கக்கூடாது. பெட்டியைத் திறந்தபின் எப்படி வைப்பீர்கள் என்று கேளுங்கள். சூட்டுப் பெட்டியில் என்று யோசிக்காமல் சொன்னால் தொழில் தெரிந்தவர்.

சோதனைத் துண்டு குப்பைக்குப் போக வேண்டும். வாடிக்கையாளரின் கேற்றை ஒட்ட வைத்தால் அது சோதனையல்ல, வேலை. அதற்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும்.

கேள்வி: மிசிசாகாவில் கணக்கு அலுவலகம். விண்ணப்பித்தவர் சென்னைப் பல்கலைக்கழக பி.காம்., 62 வீதம். இது குறைந்த புள்ளி இல்லையா? சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு பெயர் என்பதும் இடிக்கிறது.

பதில்: 62 அங்கே முதல் வகுப்பு. ஒன்ராறியோப் பள்ளியில் 62 என்றால் சி மைனஸ், அந்தக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் 60க்கு மேல் முதல் வகுப்பு, 75ஐத் தாண்டினால் டிஸ்டிங்ஷன். இலங்கை உயர்தரத்தில் 75 எடுத்தாலே ஏ.

பெயரில் ஏமாற்று எதுவும் இருக்காது. நமது சான்றிதழ்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், கடவுச்சீட்டில் அதே எழுத்து முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்காரும். பிறந்த திகதியையும் தகப்பன் பெயரையும் ஒப்பிட்டால் தீர்ந்தது.

பட்டத்தின் கனடியச் சமநிலை வேண்டுமென்றால் புதிய மதிப்பீட்டுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவுத் திட்டம் வழியாக வந்தவராக இருந்தால் டபிள்யூ.இ.எஸ். போன்ற, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனத்தின் அறிக்கை அநேகமாக அவரிடமே இருக்கும். கேட்டு வாங்குங்கள். ஆனால் அது பட்டத்தின் தரத்தைத்தான் சொல்லும், வேலைத் திறமையைச் சொல்லாது. சி.பி.ஏ. (பட்டயக் கணக்காளர்) என்ற பட்டப்பெயரைத்தான் உரிமம் இல்லாமல் போடக்கூடாது, கணக்கு எழுத உரிமம் தேவையில்லை.

ஒன்றரை மணித்தியாலச் சோதனை போதும். பெயர்களை மாற்றிய ஒரு மாத வங்கி அறிக்கை, 30 ரசீது, இரண்டு பிழையை ஒளித்துவைத்த பேரேடு. வங்கிக் கணக்கைச் சரிபார்த்து எச்.எஸ்.டி.யை (விற்பனை வரி) கணக்கிடச் சொல்லுங்கள். 13 வீதம் என்ற எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள், அவர் மனப்பாடம் செய்தாரா என்பது சோதனையல்ல. 2017 முதல் இந்தியாவில் ஜி.எஸ்.டி. பார்த்தவருக்கு, கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்கும் முறை ஏற்கெனவே கைவசம். டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்து இங்குள்ள குயிக்புக்ஸுக்கு மாறுவது சிரமமில்லை. சம்பளப் பிடித்தம், டி4 (வருடாந்தச் சம்பள வரிச் சீட்டு) இரண்டும்தான் அவருக்குப் புதிது, அவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பழைய முதலாளியிடம் பேசக் காலை 7 மணிக்கு அழையுங்கள். அப்போது இந்தியாவில் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. "நல்லவரா?" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் பதில் வரும். எத்தனை கடைகளின் கணக்கைப் பார்த்தார், மாத முடிவை எத்தனையாம் திகதி முடிப்பார் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்களிடம் 14 பேர்தான். விளம்பரத்தில் "கனடிய அனுபவம் தேவை" என்று போடலாமா?

பதில்: வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் 25 பேரோ அதற்கு மேலோ உள்ள ஒன்ராறியோ நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அப்படிப் போடுவதைச் சட்டம் தடுக்கிறது. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். ஆனால் மனித உரிமைக் கோவை 14 பேருள்ள கடைக்கும் பொருந்தும். கனடிய அனுபவத்தைக் கேட்பது முதல் பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. அந்த அனுபவத்தில் உங்களுக்கு உண்மையில் வேண்டியது எதுவோ அதையே எழுதுங்கள்: "தொலைபேசியில் ஆங்கிலத்தில் ஓடர் எடுக்க வேண்டும்", "அங்குல வரைபடம் வாசிக்க வேண்டும்".