பன்னிரண்டு ராசிக்கும் பாட்டு

அன்புள்ள சார்,

ஹார்வி சிட் ஃபிஷர் என்பவரின் பழைய வீடியோவை யூட்யூபில் பார்த்தேன். ஹோட்டல் பாரில் பாடும் லவுஞ்ச் பாடகர் பாணியில், ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாட்டு பாடுகிறார். அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பப்ளிக் ஆக்சஸ் சேனலில், அதாவது பொதுமக்களே நிகழ்ச்சி போடும் கேபிள் சேனலில் வந்ததாம். நண்பர்களோடு விழுந்து விழுந்து சிரித்தோம். இவர் நிஜமாகத்தான் பாடுகிறாரா, கேலி செய்கிறாரா? பொழுதுபோகாதவர்களுக்கெல்லாம் டிவியில் ஓசியில் இடம் கொடுத்தது யார்?

க.

அன்புள்ள க.,

நிஜமா கேலியா என்பதை விடுங்கள். பன்னிரண்டு ராசிக்கும் பாட்டு கட்டி, ஒன்றையும் விடாமல் பாடி முடித்தவரிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை. (என் ராசிப் பாட்டு சுமார்தான். அது வேறு வழக்கு.)

ஆனால் அந்த 'ஓசி' உறைத்தது. கேபிள் கம்பெனி வயரை ஆகாயத்திலா இழுக்கிறது? ஊர்த் தெருவைத் தோண்டித்தான் புதைக்கிறது. தெரு ஊராருடையது. 1971இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் கேபிளில் பொதுமக்களுக்கென்று சேனல் வந்தது. மறுவருடம், நூறு பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் இப்படிச் சேனல் ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி போட்டது. 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 1984இல் சட்டமே வந்தது: ஊர் நிர்வாகம் சேனலைக் கேட்டு வாங்கலாம், கம்பெனியின் கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை கட்டணமும் வாங்கலாம், ஆபாசம் நீங்கலாக நிகழ்ச்சியில் கம்பெனி கைவைக்கக் கூடாது. பொதுவாக, முதலில் வந்தவருக்கு முதலிடம். பாதிரியாரும் பாட்டுக்காரரும் ஒரே வரிசை. உங்கள் மாடியில் குடியிருப்பவர் மாதாமாதம் தருவதை ஓசி என்பீர்களா? வாடகை, ஐயா, வாடகை! அதைத்தான் ஃபிஷர் பாட்டாக வசூலித்தார்.

அந்த வாடகையிலும் ஒரு பங்கு அங்கே நின்றுபோனது. 2006இல் கலிபோர்னியா, கேபிள் உரிமம் தரும் அதிகாரத்தை ஊர்களிடமிருந்து எடுத்து மாநிலத்திடம் கொடுத்தது. பொதுமக்கள் நிகழ்ச்சி எடுக்கக் கம்பெனிகள் ஸ்டூடியோ நடத்த வேண்டிய கட்டாயம் போயிற்று. 2009 பிறந்தபோது லாஸ் ஏஞ்சலஸில் அந்த ஸ்டூடியோக்களுக்குப் பூட்டு. நீங்கள் சிரித்த பாட்டு இன்று அந்த ஸ்டூடியோக்களுக்கு வரவே முடியாது.

லவுஞ்ச் பாடகர் என்றதும் எனக்கு அமெரிக்கச் சூதாட்ட நகரமான ரீனோதான் நினைவு வருகிறது. பல வருடம் முன்பு, வேலை விஷயமாகப் போன இடம். ஹோட்டல் பார் மூலையில் ஒரு பியானோ, பளபளக்கும் கோட்டில் ஒரு பெரியவர். நாங்கள் ஆறு பேர். பில்லை யார் எவ்வளவு போடுவது என்று தமிழில் உரக்கச் சண்டை. அவர் பாடிக்கொண்டே இருந்தார். பாடும்போது பிறர் பேசுவதும் முள்கரண்டி விழுவதும் அவருக்கு மழைச் சத்தம் போலப் பழகியிருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் மைக்கில் ஒவ்வொரு மேஜையாக நன்றி சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி, "மிகவும் கவனமாகக் கேட்ட நண்பர்களுக்கு" என்றார். கேலியா நிஜமா? தெரியவில்லை. நான் அவசரமாகக் கைதட்டினேன், அதற்குள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டிருந்தார்.

சரி, க., பன்னிரண்டையும் பார்த்தீர்களா, மேஷத்தோடு நிறுத்திவிட்டீர்களா?