மகிழுந்தும் தாலியறுப்பானும்

கேள்வி: கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் அதிவேக மகிழுந்துகளிலும் உயிர் போகிறதே! ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் இறந்தது வண்டியின் குற்றமா, ஓட்டியவரின் குற்றமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: ‘மகிழுந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் தீர்த்துக்கொள்வோம். பால் வாக்கர் காத்திருக்கட்டும்.

எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் ‘கார்’ என்று எழுதினால் அச்சுக்குப் போவதற்குள் அது ‘மகிழுந்து’ ஆகிவிடும். நான் மறுபடி ‘கார்’ ஆக்குவேன். பதினெட்டு வருடங்களாக நடக்கிற போர். ஒரு தீபாவளி மலரில் நான் எழுதிய ‘கார்காலம்’, ‘மகிழுந்துக்காலம்’ என்று வெளியாயிற்று. கணினி மொத்தமாக மாற்றிவிட்டது என்று சாதித்தார். கணினிக்கு அவ்வளவு தமிழ்ப் பற்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பேருந்தை நான் எதிர்க்கவில்லை. அது கஷ்டப்பட்டு வேலை செய்து ஊரிடம் பெயர் வாங்கிய சொல். மகிழுந்தில் எனக்கு இரண்டு ஆட்சேபணைகள். மகிழ்வது யார் என்பது ஒன்று: மாதத் தவணை கட்டுகிறவரா, பெட்ரோல் விற்கிறவரா? இன்னொன்று பொறியியல் சார்ந்தது. ‘உந்து’ என்றால் தள்ளுவது. பின் சக்கரம் சுழன்று வண்டியைத் தள்ளினால் அது உந்து. அம்பாசடர் அப்படிப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். 1983-ல் வந்த மாருதி 800-ல் எஞ்சின் சுழற்றுவது முன் சக்கரங்களை. அது வண்டியை இழுக்கிறது. அப்படியானால் அது மகிழுந்து அல்ல, ‘மகிழிழு’. இன்று தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை மகிழிழுக்கள்தாம். இதைப் பெரியவரிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “மகிழிழுவுக்குப் பன்மையில் ஒற்று மிகுமா?” என்று கேட்டார். என்னைக் கேலி செய்கிறாரா என்று இன்றுவரை தெரியாது.

விளையாட்டாகத் தொடங்கினாலும் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இந்த உந்துக்குள்தான் இருக்கிறது. உலகத்தில் ‘உந்து’ என்ற பெயருக்கு முழுத் தகுதியுள்ள கார் ஒன்று உண்டென்றால் அது ஜெர்மன் நிறுவனமான போர்ஷேயின் 911. அதில் எஞ்சினே பின்னால், பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. 1975-ல் அதில் டர்போ (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) வைத்து ஒரு மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று லிட்டர் எஞ்சின், 260 குதிரைத் திறன். கணவனைக் கொன்று மனைவியை விதவையாக்கும் வண்டி என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. நம்மிடம் அதற்குத் தயாராக ஒரு சொல் இருக்கிறது: தாலியறுப்பான். (பெரியவரே, இதில் கை வைக்காதீர்கள்.)

அது எப்படித் தாலியறுத்தது? சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வளைவில் திரும்பிய யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூட்டை தன் வழியில் போகப் பார்க்கும். தாலியறுப்பானில் அந்த மூட்டை எஞ்சின். வளைவுக்குள் சற்று வேகமாக நுழைந்துவிட்டீர்கள். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். உடனே வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகிப் பிடி தளர்கின்றன, மூட்டை வெளிப்புறமாக வீசிச் சுழல்கிறது. சரி, காலை எடுக்காமல் அழுத்தினால்? டர்போ ஒரு கணம் ஒன்றுமே செய்யாது. பிறகு மொத்தத் திறனையும் ஒரே தவணையில் கொடுக்கும். நம் அரசு அலுவலகங்களில் கோப்பு நகர்வது இதே முறையில்தான். ஆனால் அங்கே வளைவில் வைத்து நகர்த்த மாட்டார்கள்.

பயந்தவன் காலை எடுப்பது இயல்பு. இயல்பாகச் செய்கிற காரியத்துக்குத் தண்டனை தரும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ‘ஓட்டியவர் குற்றம்’ என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. பொறியாளர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். வண்டி தடம் மாறிச் சுழலத் தொடங்கியதும் தானே உணர்ந்து, தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு 1995-லேயே மெர்சிடிஸ் காரில் வந்துவிட்டது.

இப்போது பால் வாக்கர். 2013 நவம்பர் 30, கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டா. வண்டி போர்ஷே கரேரா ஜிடி. இது தாலியறுப்பானின் வம்சமல்ல. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், நடுவில் இருக்கிறது. 5.7 லிட்டர், பத்து சிலிண்டர், 600-க்கு மேல் குதிரைத் திறன், உச்ச வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். கியர் கம்பியின் தலையில் மரக் குமிழ். பழைய பந்தயக் காரின் நினைவாக வைத்தார்களாம். மரக் குமிழ் வைக்க நினைவிருந்தவர்கள், எட்டு வருடத்துக்கு முன்பே பிறந்துவிட்ட அந்த நிலைப்புக் கட்டுப்பாட்டை 2003-ல் வந்த இந்தக் காரில் வைக்கவில்லை. மறதி என்று நான் நம்பவில்லை. ஓட்டுபவருக்கும் சாலைக்கும் நடுவே எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் இந்த வகைக் காரின் கவர்ச்சியே. குறுக்கே நிற்காததற்கும் சேர்த்துத்தான் விலை.

ஓட்டியவர் வாக்கர் அல்ல, அவருடைய நண்பர். பந்தய அனுபவம் உள்ளவர். சாலையின் வேக வரம்பு மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர். வண்டி போன வேகம் 130-க்கும் 150-க்கும் இடையே என்று விசாரணை கணக்கிட்டது. விளக்குக் கம்பம், மரம், தீ. இருவரும் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு ஏதுமில்லை, வேகமே காரணம் என்றது அறிக்கை. வாக்கரின் மகள் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு 2017-ல் சமரசமாக முடிந்தது.

ஆக, ஓட்டியவர் குற்றம் என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். 330-க்குச் செய்த வண்டி, அதில் பாதியைக்கூடத் தொடாத வேகத்தில் போய்க் கம்பத்தில் மோதியிருக்கிறது. இங்கே நம் ஊர் நடிகர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துகிறேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே 911 தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. மனிதர் கதவைத் திறந்து இறங்கி நடந்தார். (அடைமொழி இல்லாமல் எழுதிவிட்டேன் என்று யாரும் கடிதம் போட வேண்டாம். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அவரே. போன முறை வந்த கடிதங்களை இன்னும் படித்து முடிக்கவில்லை.)

அங்கும் போர்ஷே, இங்கும் போர்ஷே. ஆனால் துபாயில் காருக்குள் இரும்புக் குழாய்க் கூடு இருந்தது. உடம்பை ஆறு இடத்தில் கட்டும் பட்டை, தலைக்கவசம், கழுத்து முறியாமல் பிடிக்கும் சாதனம், மோதினால் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் தடுப்பு, கொடியோடும் தீயணைப்பானோடும் ஓடிவரும் ஆட்கள், வெளியே ஆம்புலன்ஸ். எதிரே வண்டி வராது, ஓரத்தில் விளக்குக் கம்பம் நிற்காது. பந்தயத் தடத்தில் பிறந்த வேகத்தைக் காட்சிக்கூடத்தில் விற்பவர்கள் அதை மட்டும் தனியே கழற்றி விற்கிறார்கள். மீதியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது வருடப் பழையவை. அவையும் வண்டியின் பிடியைக் குறைத்திருக்கலாம் என்றது விசாரணை. எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும் கார் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு நான்கு இடங்களில்தான். ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகி இறுகிப்போகும். பணக்காரர்களின் கார்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், டயரின் வரிப்பள்ளம் ஆழமாகவே இருக்கும். பார்த்தால் புதுசு.

டயரின் பக்கச் சுவரில் வரிசையாகப் பொறித்த எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். உங்கள் கேள்வி வந்த அன்று மாலை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு என் பழைய மகிழிழுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். முன்னிரண்டும் பரவாயில்லை. பின்னிரண்டில் எண் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததால் தரையில் படுக்க வேண்டியதாயிற்று. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியைத் துணியால் துடைத்துப் பார்த்தால் 3411. மறுநாள் மாற்றக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை உருட்டிப் பார்த்தார், விரலை வரிப்பள்ளத்தில் விட்டுப் பார்த்தார்.

“ஓடவே இல்லையே சார், எதற்கு மாற்றுகிறீர்கள்?” என்றார்.