அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, எனக்கும் வருமா? 22 ஆயிரம் குடுத்து ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

கேள்வி: தண்டையார்பேட்டைல இருந்து எழுதுறேன் டாக்டர். எனக்கு 29 வயசு. அண்ணனுக்கு 9 வருஷமா ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), கவர்மென்ட் ஆஸ்பத்திரில மாத்திரை வாங்குறோம். எனக்கு இப்ப கல்யாணம் பேசுறாங்க. புரோக்கர் கூட்டிட்டு வந்த ஒரு லேப் ஆளு, இது 80 சதவீதம் பரம்பரை நோய், வீட்லயே எச்சில் எடுத்துக்குறேன், ரிப்போர்ட்டை மாப்பிள்ளை வீட்ல காட்டிடலாம்னு 22 ஆயிரம் கேக்குறாரு. எனக்கும் என் புள்ளைங்களுக்கும் வருமா? டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்கம்மா. முதல்ல அதை சொல்லிடுறேன், காரணம் அப்புறம்.

அந்த 80ங்கிற நம்பர் பொய் இல்ல, ஆனா அதை உங்ககிட்ட சொன்ன விதம் அநியாயம். ஒரு ஊர்ல இந்த நோய் ஏன் சிலருக்கு வருது பலருக்கு வரலன்னு பாத்தா, அந்த வித்தியாசத்துல பெரும்பங்கு ஜீன்ல இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம், உங்களுக்கு வர 80 சதவீதம் வாய்ப்புன்னு இல்லவே இல்ல. ஒரே கரு ரெண்டா பிரிஞ்சு பொறந்த இரட்டைப் புள்ளைங்களுக்கு ஜீன் அச்சு அசல் ஒண்ணுதான், அவங்கள்லயே ஒருத்தருக்கு இந்த நோய் இருந்தா இன்னொருத்தருக்கு வர்றது பாதிக்கும் கம்மி. இதை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டான்.

பொதுவா 100 பேர்ல சுமார் 1 ஆளுக்கு ஸ்கிசோஃப்ரினியா வரும். கூடப்பொறந்தவங்களுக்கு இருந்தா அது 100ல 9 கிட்ட. அதாவது 91 பேருக்கு வராது. அதுலயும் இது பெரும்பாலும் 15ல இருந்து 30 வயசுக்குள்ள ஆரம்பிக்கிற நோய், பொண்ணுங்களுக்கு கொஞ்சம் தள்ளி வரும், நீங்க 29 வயசுல நல்லா இருக்கீங்கன்னா கணிசமான பகுதியை தாண்டிட்டீங்க. உங்க புள்ளைக்கு உங்க அண்ணன் தாய்மாமன், அந்த உறவுக்கு 100ல 4 கிட்ட. மாப்பிள்ளை சொந்த அத்தை பையன் மாமா பையன்னா அதே குடும்ப ஜீன் ரெண்டு பக்கமும் வரும், அப்ப தனியா பேசணும்.

இப்ப டெஸ்ட்டுக்கு வரேன். இந்த நோய்க்குன்னு ஒரு ஜீன் கிடையாது. 2022ல வந்த பெரிய ஆராய்ச்சில 76 ஆயிரத்துக்கும் மேல நோயாளிங்களை பாத்து ஜீன் வரிசைல 287 இடங்களை கண்டுபிடிச்சாங்க, ஒவ்வொண்ணும் வாய்ப்பை துளி துளியாத்தான் கூட்டுது, அதுல பல, மனநிலை மாறி மாறி ஏறி இறங்குற பைபோலார் நோய்க்கும் டிப்ரஷனுக்கும் பொதுவானது. அந்த துளிகளை கூட்டி ஒரு ஸ்கோர் போடுறாங்க. அது பெரும்பாலும் ஐரோப்பியர்களையும் கொஞ்சம் சீனா ஜப்பான் பக்கத்து ஆளுங்களையும் வச்சு போட்ட கணக்கு, தண்டையார்பேட்டை பொண்ணுக்கு அது சரியா பேசாது. ஐரோப்பாவுல கூட ஒரு தனி ஆளுக்கு வரும் வராதுன்னு சொல்ற அளவுக்கு அந்த ஸ்கோருக்கு சக்தி இல்ல. நீங்க ரிப்போர்ட்ல லோ ரிஸ்க்னு வாங்கினாலும் அர்த்தமில்ல, ஹை ரிஸ்க்னு வந்துட்டா அந்த பேப்பர் உங்க கையை விட்டு போய் புரோக்கர் கைல உக்காரும். அதுக்கப்புறம் உங்க பேரு ராயபுரத்துல இருந்து திருவொற்றியூர் வரைக்கும் சுத்தும். சில இடத்துல ஹை ரிஸ்க்னு எழுதிட்டு அதே ஆளே வைட்டமின் பவுடர், மூளை டானிக்னு மாசாமாசம் விக்கிறான். ஜீனை சரி பண்ற டானிக்னு ஒண்ணு இல்லம்மா. வயித்துல புள்ளை இருக்கும்போது பனிக்குட தண்ணி எடுத்து பாத்து சொல்றோம்னு வருவாங்க, அதையும் நம்பாதீங்க.

ஒரே ஒரு விஷயத்துல ஜீன் டெஸ்ட்டுக்கு நிஜமாவே வேலை இருக்கு, இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும். ஜீன்களை சுமக்கிற குரோமோசோம்கள்ல 22வதுல ஒரு சின்ன துண்டு காணாம போற கோளாறு. இது இருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட 4ல 1 ஆளுக்கு ஸ்கிசோஃப்ரினியா மாதிரி நோய் வருது. அறிகுறி பெரும்பாலும் சின்ன வயசுலயே தெரியும்: பொறவிலயே இதயத்துல ஓட்டை, அண்ணம் பிளவு, மூக்கால பேசுறது, கால்சியம் குறைஞ்சு ஃபிட்ஸ், படிப்புல ரொம்ப பின்தங்குறது. உங்க அண்ணனுக்கு இதுல ரெண்டு மூணு இருந்ததான்னு அம்மாகிட்ட கேளுங்க, பழைய ஆபரேஷன் பேப்பர் இருந்தா தேடுங்க. இருந்ததுன்னா டெஸ்ட் எடுக்க வேண்டியது அண்ணனுக்கு, உங்களுக்கு இல்ல. அவருக்கு இருக்குன்னு தெரிஞ்சா மட்டும்தான் உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் பாக்கணும். அவருக்கு இருந்தாலும் 10ல 9 பேருக்கு இது புதுசா வந்ததுதான், அப்பா அம்மாகிட்ட இருந்து வந்திருக்காது, அப்படின்னா உங்களுக்கும் இருக்காது. இருக்கிறவங்க புள்ளைக்கு போக பாதிக்கு பாதி வாய்ப்பு. இதுக்கு எடுக்கிறது டாக்டர் எழுதிக்குடுத்து எடுக்கிற ரத்த டெஸ்ட், அந்த ஆளு கேக்குற எச்சில் ஸ்கோர் வேற. ஸ்கிசோஃப்ரினியா இருக்கிற 100 பேர்ல 1 ஆளுக்கு கூட இது இருக்காது, அதனால அறிகுறி இல்லன்னா விட்டுடுங்க.

எனக்கு கோவம் எதுலன்னா, 9 வருஷமா மாத்திரை வாங்குறீங்க, ஒரு தடவை கூட யாரும் உங்க குடும்பத்தை உக்கார வச்சு இந்த நம்பரை சொல்லல. இதுக்கு மெஷின் வேணாம், ஒரு பேப்பர்ல குடும்ப மரம் வரைஞ்சு அரை மணி நேரம் பேசினா போதும். ஓபில கூட்டம், ரெண்டு நிமிஷத்துல சீட்டு, அடுத்த ஆளு. அந்த காலி இடத்துலதான் இந்த லேப் ஆளுங்க பூந்துக்குறாங்க. வீட்டு வாசல்ல ஜீன் டெஸ்ட் விக்கிறவனை கேக்க தனியா ஒரு சட்டம் கூட இல்ல.

மாப்பிள்ளை வீட்ல அண்ணனை பத்தி சொல்லிடுங்க. மறைச்சிடலாம்னு புரோக்கர் சொல்வாரு, அப்புறம் அவரே, நீங்க சொல்லாம விட்டதால கல்யாணம் செல்லாதுன்னு மிரட்டி காசு கேப்பாரு. 1955 இந்து திருமணச் சட்டத்துல மனநோய் பத்தி வர்ற பிரிவு கல்யாணம் பண்ற ரெண்டு பேரை பத்தினது, அண்ணன் தம்பியை பத்தினது இல்ல. பயந்து சொல்ல வேணாம், கூட வாழப்போறவருக்கு தெரியணும், அதுக்காக சொல்லுங்க.

உங்க கைல இருக்கிறது கொஞ்சம் இருக்கு. கர்ப்பத்துல செக்கப் தவற விடாதீங்க, பிரசவ சிக்கலும் புள்ளைக்கு பின்னாடி இந்த நோய் வர்ற வாய்ப்பை கொஞ்சம் கூட்டும். பிரசவம் ஆன முதல் சில வாரத்துல தூக்கமே இல்லாம, காரணமில்லாத சந்தேகம், குழம்பின பேச்சு வந்தா அன்னைக்கே டாக்டரை பாக்கணும், காத்து கருப்புன்னு நாள் கடத்தக்கூடாது. புள்ளை வளர்ந்து டீன் ஏஜ் வரும்போது கஞ்சா பக்கம் போகாம பாத்துக்குங்க, வம்சத்துல இந்த நோய் இருக்கிற பசங்களுக்கு அது நிஜமாவே ஆபத்து.

பேசணும்னா ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கோ கீழ்ப்பாக்கம் கவர்மென்ட் மனநல ஆஸ்பத்திரிக்கோ போங்க, இலவசம். போன்ல கேக்க கவர்மென்ட் மனநல உதவி எண் 14416. போகும்போது அண்ணனோட பழைய சீட்டெல்லாம் கொண்டு போங்க, மாப்பிள்ளை வந்தா அவரையும் கூட்டிட்டு போய் நேர்லயே கேக்க விடுங்க.